மன்னார்குடி அலுவலகத்தில் சொந்த மெயில் சர்வர்: அடைமழைக்கு முன் எதையெல்லாம் தானியங்கியாக விடலாம்?

#1 பாமணியாறு

வணக்கம். மன்னார்குடி பக்கம் ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தின் சர்வரைப் பார்த்துக்கொள்கிறேன். 14 மெயில் பெட்டிகள், ஒரு வலைத்தளம். தளத்தில் விதைநெல் இருப்பு, உறுப்பினர் படிவம், அவ்வளவுதான். எல்லாம் அலுவலகத்தில் ஒரு சிறு கணினியில் ஓடுகிறது: டெபியன் 12 (இயங்குதளம்), போஸ்ட்ஃபிக்ஸ் (மெயில் அனுப்ப, வாங்க), டவ்காட் (பெட்டிகளுக்கு), ஆர்ஸ்பாம்டி (ஸ்பாம் வடிகட்ட), என்ஜின்எக்ஸ் (வலைத்தளத்துக்கு). ஃபைபர் இணைப்பு. ஐபி அடிக்கடி மாறும், டைனமிக் டிஎன்எஸ் வைத்து ஓட்டுகிறோம்.

ஜிமெயிலுக்கு அனுப்பினால் பாதி ஸ்பாமில் விழுகிறது, மீதி திரும்பி வருகிறது. கரண்ட் போனால் சர்வரும் போகிறது. வாரத்தில் ஒரு நாள்தான் நேரில் போக முடியும். ஐப்பசிக்கு முன் ஒழுங்குபடுத்த வேண்டும். எதை முதலில் தொடுவது?

#2 அரசலாறு

முதல் வேலை, சர்வர்கள் தங்களுக்குள் மெயில் மாற்றிக்கொள்ளும் 25ஆம் போர்ட்டை அலுவலகத்தை விட்டு வெளியே கொண்டுபோவது. வீட்டு, அலுவலக பிராட்பேண்ட் ஐபிகள் பெரும்பாலும் ஸ்பாம்ஹவுஸ் என்ற ஸ்பாம் தடுப்பு அமைப்பின் பிபிஎல் பட்டியலில் இருக்கும். "இங்கிருந்து நேரடியாக மெயில் வரக் கூடாத முகவரி" என்பதுதான் அந்தப் பட்டியலுக்குப் பொருள். எஸ்பிஎஃப் (எந்த ஐபி அனுப்பலாம் என்ற பதிவு), டிகேஐஎம் (மெயிலின் மின்கையொப்பம்) எல்லாம் சரியாக இருந்தாலும் இந்த ஒரு காரணத்துக்காகவே திருப்பிவிடுவார்கள். மாறும் ஐபிக்கு பிடிஆர் பதிவும் (ஐபியிலிருந்து பெயரைச் சொல்வது) உங்கள் கையில் இல்லை. 2024 பிப்ரவரி முதல் ஜிமெயில், யார் அனுப்பினாலும் எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம், பொருந்துகிற பிடிஆர், டிஎல்எஸ் மறையாக்கம் மூன்றையும் கேட்கிறது. நாளுக்கு 5000 மெயிலுக்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு டிமார்க்கும் (இந்தச் சோதனைகளில் தோற்ற மெயிலை என்ன செய்வது என்ற பதிவு) கட்டாயம். உங்கள் அளவுக்குக் கட்டாயமில்லை, ஆனாலும் போட்டுவிடுங்கள்.

சென்னையிலோ மும்பையிலோ ஒரு சிறிய விபிஎஸ் (வாடகை மெய்நிகர் சர்வர்) எடுங்கள். 2 ஜிபி ராம் போதும். வாங்கும் முன்பே இரண்டு கேள்வி கேளுங்கள்: வெளியே போகும் 25ஆம் போர்ட் திறந்திருக்கிறதா, பிடிஆர் மாற்ற முடியுமா. இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் வேறு இடம் பாருங்கள்.

வலைத்தளத்தை முழுசாக விபிஎஸ்ஸுக்கே கொண்டுபோய்விடுங்கள். மெயிலில் போஸ்ட்ஃபிக்ஸும் ஆர்ஸ்பாம்டியும் விபிஎஸ்ஸில், பெட்டிகள் மட்டும் அலுவலகத்தில் டவ்காட்டில். இரண்டுக்கும் நடுவில் வயர்கார்ட் என்ற மறையாக்கக் குழாய். போஸ்ட்ஃபிக்ஸ் மெயிலை வாங்கி, குழாய் வழியாக டவ்காட்டின் எல்எம்டிபிக்கு (மெயிலைப் பெட்டியில் சேர்க்கும் வாசல்), 24ஆம் போர்ட்டில் கொடுக்கும். அலுவலகக் கணினியில் போஸ்ட்ஃபிக்ஸே வேண்டாம்.

அலுவலகப் பக்கத்து வயர்கார்டில் பெர்சிஸ்டென்ட் கீப்அலைவை 25 வினாடி என்று வையுங்கள். இல்லாவிட்டால் கொஞ்ச நேரம் போக்குவரத்து இல்லாதபோது ரூட்டர் அந்த வழியை மறந்துவிடும். பிறகு விபிஎஸ்ஸிலிருந்து வரும் மெயில் உள்ளே நுழையாது.

#3 பாமணியாறு

நன்றி சார். அலுவலகம் மூன்று நாள் இருட்டில் இருந்தால் வருகிற மெயில் என்ன ஆகும்? இரண்டாவது எம்எக்ஸ் (மெயில் வாங்கும் மாற்றுச் சர்வர்) ஒன்று வேண்டுமா?

#4 அரசலாறு

வேண்டாம். விபிஎஸ் வாங்கி வரிசையில் வைத்திருக்கும். போஸ்ட்ஃபிக்ஸில் மேக்சிமல் கியூ லைஃப்டைம் இயல்பாக 5 நாள். அதைத் தாண்டினால் அனுப்பியவருக்கே திருப்பிவிடும். 2018 நவம்பர் 16 கஜா கரையேறிய பிறகு நாகை, திருவாரூர் கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அதனால் டெல்டாவில் 5 போதாது, 15 நாள் வையுங்கள். 14 பெட்டிக்கு 15 நாள் மெயில் சில ஜிபிக்குள் அடங்கும்.

இரண்டாவது எம்எக்ஸ் வைத்தால் ஸ்பாம்காரர்கள் முதலில் அதைத்தான் தட்டுவார்கள், காவல் அங்கே தளர்வாக இருக்கும் என்ற கணக்கு. விபிஎஸ்ஸே விழுந்தாலும் பயப்பட வேண்டாம். எதிர்ப்பக்க சர்வர்கள் நாலைந்து நாள் திரும்பத் திரும்ப முயல வேண்டும் என்பது எஸ்எம்டிபி நெறிமுறையிலேயே இருக்கிறது.

கரண்ட் வந்ததும் வரிசை உடனே வடியாது. தோற்ற மெயிலை மறுபடி முயல்வதற்கான இடைவெளி 300 வினாடியில் தொடங்கி 4000 வினாடி வரை நீளும். குழாய் மீண்டும் எழுந்ததும் போஸ்ட்கியூ ஃப்ளஷ் கட்டளையை ஓட்டும் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதிவிடுங்கள்.

#5 வெண்ணாறு

மேலே சொன்ன அமைப்பில் பலர் விழும் பள்ளம் ஒன்று உண்டு. விபிஎஸ்ஸில் போஸ்ட்ஃபிக்ஸ் போடச் சோம்பல்பட்டு, 25ஆம் போர்ட்டை ஐபிடேபிள்ஸ் மாஸ்கரேடால் (அனுப்பியவர் ஐபியை மறைத்துத் தன் ஐபியை வைக்கும் முறை) அப்படியே அலுவலகத்துக்குத் திருப்பிவிடுவார்கள். அப்படிச் செய்தால் உலகத்திலிருந்து வரும் ஒவ்வொரு இணைப்பும் 10.8.0.1 என்ற குழாய் முகவரியிலிருந்து வருவதாகவே அலுவலக போஸ்ட்ஃபிக்ஸுக்குத் தெரியும். நம்பகமான முகவரிகளைச் சொல்லும் மைநெட்வொர்க்ஸ் வரியில் 10.8.0.0/24 இருந்துவிட்டால் அந்த நிமிடமே அது ஓப்பன் ரிலே. யார் வேண்டுமானாலும் உங்கள் பெயரில் அனுப்பலாம். சில மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

ரிலே திறக்காவிட்டாலும் எஸ்பிஎஃப் சோதனை எல்லாம் பொய்த்துவிடும். தவறான நுழைவு முயற்சிகளைத் தடுக்கும் ஃபெயில்டூபேன் ஒரு திருடனைத் தடுப்பதாக நினைத்து 10.8.0.1ஐத் தடுக்கும், எல்லார் மெயிலும் நிற்கும்.

பெட்டியைப் படிக்கும் 993ஆம் போர்ட்டுக்கும் இதே கதைதான். அதற்கு விபிஎஸ்ஸில் ஹெச்ஏப்ராக்ஸி என்ற இடைநிலை மென்பொருளை வைத்து, ப்ராக்ஸி புரோட்டோகால் வழியாக டவ்காட்டுக்கு உண்மையான ஐபியைச் சொல்லுங்கள். டவ்காட்டில் ஹெச்ஏப்ராக்ஸி ட்ரஸ்டட் நெட்வொர்க்ஸ் என்ற வரியில் 10.8.0.1 மட்டும்.

இன்னொன்று: பெட்டி இல்லாத முகவரிக்கு வருவதை விபிஎஸ் வாசலிலேயே மறுக்க வேண்டும். வாங்கிவைத்துப் பிறகு திருப்பினால், போலி அனுப்புநருக்கெல்லாம் உங்கள் சர்வர் திருப்பு மெயில் அனுப்பி அதற்காகவே கறுப்புப் பட்டியலில் சேரும். ரிலே ரெசிபியன்ட் மேப்ஸில் அந்த 14 முகவரிகளும் இருக்கட்டும்.

#6 குடமுருட்டி

சின்ன மெயில் போகிறது, பெரிய இணைப்பு உள்ள மெயில் பாதியில் தொங்குகிறது என்றால் எம்டியு என்ற பொட்டல அளவு வரம்பைப் பாருங்கள். வயர்கார்ட் இயல்பு 1420. அது 1500லிருந்து 80 கழித்தது. பயனர்பெயர் கொடுத்து இணையும் பிபிபிஓஇ இணைப்பில் மேலே இருப்பதே 1492, அதனால் 1412 வையுங்கள். இரண்டு முனையிலும்.

#7 பாமணியாறு

எங்களுக்கு பிபிபிஓஇதான். 1412 வைத்ததும் தொங்கல் நின்றது, மிக்க நன்றி. ஆனால் 9 எம்பி சிட்டா ஸ்கேன் மட்டும் இன்னும் திரும்பி வருகிறது.

#8 குடமுருட்டி

அது வேறு. போஸ்ட்ஃபிக்ஸின் மெசேஜ் சைஸ் லிமிட் இயல்பு 1,02,40,000 பைட். இணைப்பு பேஸ்64 என்ற எழுத்து வடிவமாகும்போது சுமார் 37 சதவீதம் வீங்கும், ஆக ஏழரை எம்பிக்கு மேல் போகாது. 3,50,00,000 என்று வையுங்கள். அதற்கு மேல் ஏற்றிப் பலனில்லை, ஜிமெயிலின் சொந்த வரம்பே 25 எம்பி இணைப்புதான்.

#9 வெட்டாறு

அண்ணே, இவ்வளவுக்கு மெயில்கவ் போட்டுவிட்டால் போச்சே? எல்லாம் ஒரே டாக்கர் தொகுப்பில் வந்துவிடுகிறது.

#10 அரசலாறு

நல்ல தொகுப்புதான் தம்பி. ஆனால் அது குறைந்தது 6 ஜிபி ராம் கேட்கும். 2 ஜிபி விபிஎஸ்ஸில் கிளாம்ஏவி என்ற வைரஸ் சோதனை ஒன்றே பாதிக்கு மேல் விழுங்கிவிடும். பெட்டிகளைத் தனியே அலுவலகத்தில் வைக்கும் இந்த அமைப்புக்கும் அது வளையாது.

டாக்கர் எதற்காவது வைப்பதானாலும் ஒன்றை மறக்க வேண்டாம். டாக்கர் வெளியிடும் போர்ட்டை யூஎஃப்டபிள்யூ என்ற தீச்சுவர் தடுக்காது. யூஎஃப்டபிள்யூ நிலைப் பட்டியலில் "மூடியது" என்று காட்டும், வெளியிலிருந்து பார்த்தால் திறந்திருக்கும். டாக்கர் தன் விதிகளை அதற்கு முன்னால் செருகிவிடுகிறது. போர்ட்டை 127.0.0.1 உடன் சேர்த்து எழுதுங்கள், முன்னால் என்ஜின்எக்ஸ் நிற்கட்டும். பிறகு வேறொரு கணினியிலிருந்து, திறந்த போர்ட்களைக் காட்டும் என்மேப் ஓட்டிப் பாருங்கள். சர்வருக்குள்ளிருந்தே சோதித்தால் இது தெரியவே தெரியாது.

#11 வெண்ணாறு

தானியங்கி பற்றிக் கேட்டிருந்தீர்கள். சர்வர்களின் அமைப்புக் கோப்புகளைத் தானே எழுதும் அன்சிபிள் வையுங்கள். 14 பேரின் பெயர்களும் ஒரே கோப்பில் இருக்கட்டும். டவ்காட் பயனர் பட்டியலும் விபிஎஸ்ஸின் ரெசிபியன்ட் மேப்பும் அந்தக் கோப்பிலிருந்தே உருவாகட்டும். ஆள் சேர்ந்தால் ஒரு வரி, விலகினால் ஒரு வரி. இரண்டு இடத்தில் கையால் திருத்தினால் என்றாவது ஒரு நாள் ஒன்று விட்டுப்போகும்.

அதே கோப்பிலிருந்து கடவுச்சொல் ஹேஷ்களை விபிஎஸ்ஸுக்கும் அனுப்பி, அங்கே அடையாளச் சோதனைக்கு மட்டும் ஒரு சின்ன டவ்காட் வைத்துவிடுங்கள். அலுவலகம் இருண்டிருந்தாலும் களத்தில் இருப்பவர்கள் அனுப்பும் போர்ட்டான 465 வழியாக மெயில் அனுப்ப முடியும்.

அன்சிபிளில் தெரிந்திருக்க வேண்டிய பொறி: டெம்ப்ளேட் மாறியது, சேவையை மறுபடி தொடங்கும் ஹேண்ட்லருக்குச் சேதி போனது, ஆனால் நடுவில் வேறொரு படி தோற்று ஓட்டம் நின்றுவிட்டது. ஹேண்ட்லர் ஓடாது. தவறைச் சரிசெய்து மறுபடி ஓட்டினால் கோப்பு ஏற்கெனவே புதிதாக இருப்பதால் "மாற்றமில்லை" என்று காட்டும், ஹேண்ட்லர் அப்போதும் ஓடாது. வட்டில் புது அமைப்பு, நினைவகத்தில் பழைய சேவை. பல வாரம் கழித்து ரீபூட்டில் வெடிக்கும். ஃபோர்ஸ் ஹேண்ட்லர்ஸ் தேர்வோடு ஓட்டுங்கள்.

எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் வழி) அமைப்பை மாற்றும் பணியில் வேலிடேட் வரியில் எஸ்எஸ்ஹெச்டியின் சோதனைக் கட்டளையை வைத்தால், பிழையுள்ள கோப்பு இடத்தில் அமராது. விபிஎஸ் படிமங்களில் இன்னொரு சிக்கல்: எஸ்எஸ்ஹெச்டி கான்ஃபிக் டி அடைவில் 50 என்று தொடங்கும் கிளவுட்இனிட் கோப்பு ஒன்று கடவுச்சொல் நுழைவை அனுமதித்திருக்கும். எஸ்எஸ்ஹெச்டியில் முதலில் படிக்கும் மதிப்பே செல்லும். முதன்மைக் கோப்பில் நீங்கள் "நோ" என்று எழுதினாலும் வாசல் திறந்தே இருக்கும். எஸ்எஸ்ஹெச்டியைப் பெரிய டி தேர்வோடு ஓட்டினால் உண்மையில் நடப்பில் உள்ளதைக் காட்டும்.

#12 குடமுருட்டி

டெபியன் 12இல் ஃபெயில்டூபேன் போட்டதும் "எஸ்எஸ்ஹெச்டி ஜெயிலுக்கு லாக் கோப்பு இல்லை" என்று நின்றுவிடும். அந்த வெளியீட்டிலிருந்து லாக்கைக் கோப்பில் எழுதும் ஆர்சிஸ்லாக் இயல்பாக வருவதில்லை, எல்லாம் சிஸ்டம்டி ஜர்னலில். பேக்எண்டை சிஸ்டம்டி என்று மாற்றி, பைதான் சிஸ்டம்டி பொதியை நிறுவுங்கள். இக்னோர் ஐபியில் 10.8.0.0/24 கட்டாயம்.

#13 வெட்டாறு

திருத்தங்களைத் தானே நிறுவும் அன்அட்டெண்டட் அப்கிரேட்ஸ் போட்டால் நள்ளிரவில் ஏதாவது உடைந்துவிடாதா? கையால் செய்வதே நல்லது என்று நினைக்கிறேன்.

#14 அரசலாறு

வாரம் ஒரு நாள் போகிறவருக்குக் கையால் என்பது சரிப்படாது. டெபியன் நிலை வெளியீட்டில் பாதுகாப்புத் திருத்தங்கள் பதிப்பை மாற்றுவதில்லை, ஓட்டையை மட்டும் அடைக்கின்றன. அவை தானாகவே போகட்டும். ரீபூட்டும் தானாக, அதிகாலை 4 மணிக்கு. ரீபூட் இல்லாமல் கெர்னல் திருத்தம் வட்டில் கிடந்து பயனில்லை. விபிஎஸ்ஸுக்கு ஒரு நாள், அலுவலகத்துக்கு வேறு நாள் வையுங்கள்.

பெரிய பதிப்பு மாற்றம்தான் கையால் செய்ய வேண்டியது. டெபியன் 12க்கு வழக்கமான ஆதரவு 2026 ஜூன் வரை, நீண்டகால ஆதரவான எல்டிஎஸ் 2028 ஜூன் வரை. 13இல் டவ்காட் 2.4 வருகிறது. 2.3இன் அமைப்புக் கோப்பு அதில் எழும்பாது. முதல் வரியிலேயே கான்ஃபிக் பதிப்பைச் சொல்ல வேண்டும், மெயில் இருப்பிடம், எஸ்எஸ்எல் கோப்பு, பாஸ்டிபி வரிகள் எல்லாம் பெயர் மாறிவிட்டன. ஒரு வெற்று மெய்நிகர்க் கணினியில் புதுக் கோப்பை எழுதி முடித்துவிட்டுத்தான் உண்மையானதைத் தொட வேண்டும். அதற்குக் காலம் சித்திரை, வைகாசி. மேட்டூர் திறப்பு நாளான ஜூன் 12க்குப் பிறகு குறுவை வேலை தொடங்கிவிடும், பிறகு சம்பா, பிறகு மழை, தையில் அறுவடையும் கொள்முதலும். ஐப்பசி கார்த்திகையில் பாதுகாப்புத் திருத்தம் தவிர எதையும் தொட வேண்டாம்.

#15 வெண்ணாறு

சான்றிதழ். லெட்ஸ் என்க்ரிப்ட் தரும் 90 நாள் டிஎல்எஸ் சான்றிதழை செர்ட்பாட் மென்பொருள் 30 நாள் மீதமிருக்கும்போது புதுப்பித்துவிடும். ஆனால் போஸ்ட்ஃபிக்ஸும் டவ்காட்டும் ஹெச்ஏப்ராக்ஸியும் தாங்களாக உடனே மறுபடி படிக்காது. புதுப்பித்ததும் ஓடும் டிப்ளாய் ஹூக்கில் மூன்றையும் ரீலோட் செய்ய வேண்டும். "சான்றிதழ் புதிதாக இருக்கிறது, ஃபோன் மட்டும் காலாவதி என்கிறது" என்ற புகாரெல்லாம் இதுதான்.

காலாவதி நெருங்குகிறது என்று மெயில் அனுப்பும் வழக்கத்தை லெட்ஸ் என்க்ரிப்ட் 2025 ஜூனில் நிறுத்திவிட்டது. அதை நம்பியிருந்தவர்கள் மாற்று வைக்க வேண்டும். கோப்பின் தேதியைப் பார்க்கும் கண்காணிப்பு வேண்டாம். வெளியிலிருந்து 465, 993, 443 மூன்றிலும் இணைந்து, அங்கே காட்டப்படும் சான்றிதழின் தேதியைப் பார்ப்பதே கண்காணிப்பு. சான்றிதழ்களின் ஆயுள் இன்னும் சுருங்கப் போகிறது: எந்த நிறுவனம் தந்தாலும் 2026 மார்ச் 15 முதல் அதிகபட்சம் 200 நாள், 2027இல் 100, 2029இல் 47. கையால் புதுப்பிக்கும் வேலைக்கு இடமே இருக்காது.

அலுவலக டவ்காட்டுக்குத் தனிச் சான்றிதழ் வேண்டும், 80ஆம் போர்ட்டோ விபிஎஸ்ஸில் இருக்கிறது. ஆகவே அதற்கு டிஎன்எஸ் வழிச் சரிபார்ப்பு. சோதிக்கும்போது ஸ்டேஜிங் என்ற சோதனைச் சர்வரையே பயன்படுத்துங்கள். ஒரே பெயருக்கு மணிக்கு 5 தோல்வி ஆனால் அடைத்துவிடுவார்கள்.

#16 பாமணியாறு

விபிஎஸ் எடுத்து, பிடிஆர் மாற்றி, எல்லாம் அரசலாறு சார் சொன்னபடி வைத்தாயிற்று. ஜிமெயிலுக்கு இன்பாக்ஸிலேயே விழுகிறது. ஆனால் சில மெயில் மட்டும் 5.7.1 என்று திரும்புகிறது. டிகேஐஎம்மும் "சாவி படிக்க முடியவில்லை" என்கிறது. தளத்தின் படிவத்திலிருந்து வரும் மெயிலில் தலைப்பின் நடுவில் ஓர் எழுத்து கேள்விக்குறியாகிறது.

#17 அரசலாறு

5.7.1: விபிஎஸ்ஸுக்கு ஐபிவி6 முகவரியும் இருக்கும், அதற்கு பிடிஆர் வைத்திருக்க மாட்டீர்கள். ஜிமெயிலுக்கு ஐபிவி6 வழியாகப் போனவை மட்டும் திரும்பும். அதற்கும் பிடிஆர் போடுங்கள், எஸ்பிஎஃப் பதிவிலும் சேருங்கள்.

டிகேஐஎம்: 2048 பிட் சாவி 255 எழுத்தைத் தாண்டும். டிஎக்ஸ்டி பதிவில் ஒரு சரம் 255க்குள்தான் இருக்க வேண்டும். இரண்டு மேற்கோள் சரங்களாக உடைத்துப் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள், நடுவில் காற்புள்ளி கூடாது. டிமார்க்கை முதலில் எதையும் தடுக்காத "நன்" நிலையில் வைத்து, அறிக்கைகளை மூன்று நான்கு வாரம் படியுங்கள். உங்கள் பெயரில் நீங்கள் மறந்துபோன ஏதாவது ஒரு கருவி மெயில் அனுப்பிக்கொண்டிருக்கும். அதைச் சரிசெய்த பிறகே, தோற்றதை ஸ்பாமில் போடச் சொல்லும் குவாரன்டைன்.

#18 குடமுருட்டி

தலைப்பு உடைவது தமிழுக்கே உரிய தொல்லை. தலைப்பில் ஆங்கிலமல்லாத எழுத்தைப் பொதியும் துண்டான என்கோடட் வேர்ட் ஒன்று 75 எழுத்தைத் தாண்டக் கூடாது. அதன் முன்னொட்டு, பின்னொட்டுக்கு 12 போக மிச்சம் 63. பேஸ்64 நான்கு நான்காகப் போவதால் 60, அதாவது 45 பைட். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட், ஆக ஒரு துண்டில் 15 குறியீடு. "தஞ்சாவூர்" என்ற சொல் மட்டுமே 9 குறியீடு. உங்கள் படிவ நிரல் பைட் எண்ணிக்கையில் வெட்டுகிறது. ஓர் எழுத்தின் மூன்று பைட்டுக்கு நடுவில் வெட்டு விழுந்தால் அந்த எழுத்து கேள்விக்குறி. பிஹெச்பியில் எம்பி என்கோட் மைம்ஹெடர் என்ற செயற்கூறு எழுத்து எல்லையில்தான் வெட்டும். அதை மாற்றுங்கள்.

அதே படிவத்தில் அனுப்புநராக வருகையாளரின் ஜிமெயில் முகவரியை வைத்திருந்தால் அதையும் மாற்ற வேண்டும். ஃப்ரம் உங்கள் டொமைன், ரிப்ளை டு வருகையாளர். இல்லாவிட்டால் நீங்களே ஜிமெயில் பெயரில் போலி அனுப்புகிறீர்கள் என்றுதான் டிமார்க் கருதும்.

தமிழில் மெயில் முகவரி வைக்கும் ஆசை இருந்தால்: போஸ்ட்ஃபிக்ஸ் 3.0 முதல் அதற்கான எஸ்எம்டிபியூடிஎஃப்8 வசதி உண்டு. ஆனால் எதிர்ப்பக்கம் ஏற்காவிட்டால் மெயில் திரும்பும், அதனால் ஆங்கில எழுத்து மாற்றுப்பெயர் ஒன்றும் கூடவே இருக்கட்டும். இன்னொன்று, "கொ" என்பதை ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாகத் தட்டலாம், ஒரே குறியீடாகவும் தட்டலாம். கண்ணுக்கு ஒன்று, சர்வருக்கு இரண்டு வேறு முகவரிகள். பெட்டிப் பெயரை, ஒரே குறியீடாகச் சேர்க்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிய பிறகே பதியுங்கள்.

#19 வெண்ணாறு

கரண்ட் பக்கம். சிறு கணினி 12 வாட், ரூட்டரும் ஃபைபர் பெட்டியும் 15 வாட், இன்வெர்ட்டர் தானே தின்பது 18 வாட் என்று வைத்தால் மொத்தம் 45. 12 வோல்ட் 150 ஏஎச் பேட்டரி 1800 வாட்மணி. பாதிக்கு மேல் இறக்காவிட்டால் பேட்டரி நீடிக்கும், ஆக 900ஐ 45ஆல் வகுத்தால் 20 மணி நேரம். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை இதில் தாராளமாக அடங்கும். இன்வெர்ட்டரில் யூபிஎஸ் நிலைக்கான சுவிட்ச் இருக்கும், அதில் வையுங்கள். மற்ற நிலையில் மாறும் நேரம் அதிகம், கணினி ரீபூட் ஆகும்.

வீட்டு இன்வெர்ட்டர்களில் பெரும்பாலும் யூஎஸ்பி இருக்காது, அதனால் யூபிஎஸ்ஸைக் கண்காணிக்கும் நட் மென்பொருளுக்குச் சொல்ல வழியில்லை. பழைய ரூட்டர் ஒன்றை இன்வெர்ட்டர் இல்லாத நேரடி பிளக்கில் செருகிவிடுங்கள். சர்வர் நிமிடத்துக்கு ஒருமுறை அதை பிங் செய்யட்டும். தொடர்ந்து 15 மணி நேரம் பதில் இல்லையென்றால் சர்வர் ஒழுங்காகத் தன்னை அணைத்துக்கொள்ளட்டும்.

இதில் ஒரு பிடி. பயாஸில் "கரண்ட் வந்தால் எழு" என்று வைத்திருப்பீர்கள். சர்வர் அணைந்த பிறகும் இன்வெர்ட்டர் ஓடிக்கொண்டிருந்தால், கணினியைப் பொறுத்தவரை கரண்ட் போகவே இல்லை. ஈபி கரண்ட் திரும்பினாலும் அது எழாது. அணைக்கும் முன் ஆர்டிசிவேக் கட்டளையால் ஆறு மணி நேரம் கழித்து எழும்படி வையுங்கள். எழுந்ததும் பழைய ரூட்டரை பிங் செய்து, பதில் இல்லையென்றால் மறுபடி தூங்கட்டும்.

#20 அரசலாறு

பேக்அப்பையும் சொல்லிவிடுகிறேன். ரெஸ்டிக் என்ற பேக்அப் மென்பொருள், இரவு 2 மணிக்கு, வேறு ஊர் சர்வருக்கு. எதிர்முனையில் அதற்கான ரெஸ்ட் சர்வரை அப்பெண்ட் ஒன்லி (சேர்க்க மட்டும்) நிலையில் ஓட்டுங்கள். அப்போதுதான் அலுவலகக் கணினியைப் பிடித்தவன் பழைய பேக்அப்பை அழிக்க முடியாது. ரெஸ்டிக் கடவுச்சொல் தொலைந்தால் பேக்அப்பும் தொலைந்தது. தாளில் எழுதி, சர்வர் இருக்கும் கட்டடத்தில் அல்லாமல் வேறிடத்தில் வையுங்கள்.

தோற்றால் மெயில் அனுப்பு என்று வைக்காதீர்கள். சர்வரே விழுந்தால் யார் அனுப்புவது? முடிந்ததும் வெளியே ஒரு முகவரியைத் தட்ட வேண்டும், 26 மணி நேரம் தட்டல் வராவிட்டால் அந்த வெளிச்சேவை உங்கள் ஃபோனுக்குச் சொல்ல வேண்டும். மாதம் ஒருமுறை ஏதாவது ஒரு பெட்டியைத் தற்காலிக அடைவில் மீட்டு, மெயில் எண்ணிக்கையை அசலோடு ஒப்பிடும் ஸ்கிரிப்டும் இதே மாதிரி தட்டட்டும். பேக்அப் ஓடுவதைத் தானியங்கியாக்கிவிட்டு, மீட்பைத் தானியங்கியாக்காமல் விடுபவர்களே அதிகம்.

வரிசை நீளத்துக்கும் எச்சரிக்கை வேண்டும். 14 பெட்டிக்கு வெளியே போக வேண்டிய வரிசையில் 50 தாண்டினால் யாருடைய கடவுச்சொல்லோ திருடுபோயிருக்கிறது என்று கொள்ளுங்கள். ஆர்ஸ்பாம்டியில் பயனருக்கு மணிக்கு 60 என்று வரம்பு வைத்தால் சேதம் குறையும், ஐபியின் பெயரும் கெடாது. அலுவலகக் குழாய்க்காகக் காத்திருக்கும் மெயிலை இதில் எண்ணாதீர்கள், மழை நாளில் வீணாக அலறும்.

லாக்: இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட் இன்னின் 2022 ஏப்ரல் 28 உத்தரவுப்படி 180 நாள் லாக் இந்தியாவுக்குள் இருக்க வேண்டும், ஊடுருவல் தெரிய வந்தால் 6 மணி நேரத்துக்குள் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். நிறுவனங்களுக்கும் பொருந்தும். ஜர்னலின் அளவு வரம்பை அதற்கேற்ப உயர்த்துங்கள். மேலும் வட்டில் காலியிடம் மெசேஜ் சைஸ் லிமிட்டில் ஒன்றரை மடங்குக்குக் கீழே போனால் போஸ்ட்ஃபிக்ஸ் மெயில் வாங்குவதை நிறுத்திவிடும். லாக்குக்குத் தனிப் பிரிவு வைத்தால் ஒன்று மற்றொன்றை நெரிக்காது.

#21 பாமணியாறு

ஐபிவி6 பிடிஆர், டிகேஐஎம் இரண்டும் சரியாயின. படிவத்தின் தலைப்பும் சரி. ஞாயிறு அன்று அலுவலக மெயின் சுவிட்சை இறக்கி 15 மணி நேரக் கணக்கைச் சோதிக்கப் போகிறேன். முன்னதாக வேறு ஏதாவது பார்க்க வேண்டுமா?

#22 வெண்ணாறு

பழைய ரூட்டர் செருகிய பிளக் இன்வெர்ட்டர் லைனில் இல்லை என்பதை டெஸ்டர் வைத்துப் பாருங்கள், பல கட்டடங்களில் வயரிங் கலந்திருக்கும். சோதனைக்கு மட்டும் 15 மணியை 10 நிமிடமாக, ஆறு மணியை 20 நிமிடமாகக் குறைத்துக்கொள்ளுங்கள். சர்வர் இரண்டு முறை எழுந்து தூங்கிய பிறகு மெயின் சுவிட்சை ஏற்றுங்கள். அந்த நேரத்தில் வெளியிலிருந்து 5 மெயில் அனுப்பி, அவை விபிஎஸ் வரிசையில் நின்று, குழாய் எழுந்ததும் வடிகிறதா என்று பாருங்கள்.